சமாதானபுரத்தில் வாங்கிய பூட்ஸ்

பட்டாளத்து பூட்ஸை
நான் சமாதானபுரத்தில்தான் வாங்கினேன்.
பாளையங்கோட்டைக்காரர்களுக்கு இதில் சிரிக்க ஒன்றுமில்லை;
பஸ் நிற்கிற இடத்தின் பெயர், அவ்வளவே.

சாக்கு விரித்திருந்த உதுமான்
மூக்கு நுனியைக் கட்டைவிரலால் அமுக்கிக் காட்டினார்.
'எட்டாம் நம்பர். குதிகால்ல லாடம் அடிச்சது.
பாம்பு கொத்தினா பாம்புக்குத்தான் பல்லு போகும்.'
நாக்குத் தோலின் அடியில் ஒரு எண்,
கடைசி இரண்டு இலக்கம் அழிந்து.
என் கால் ஏழு.
ரெண்டு சாக்ஸ் போட்டால் சரியாகிவிடும் என்றார்,
இருநூறு குறைத்தார்.

மாஞ்சோலை ஏறும் வழியில்
அந்த எண்ணுக்குரியவன் என்னோடு நடக்க ஆரம்பித்தான்.
அவன் தேய்த்து வைத்திருந்த பள்ளத்தில்
என் குதிகால் உட்கார மறுத்தது.
வலது காலை வெளிப்பக்கமாகச் சாய்த்து வைப்பான்போல;
மூன்றாவது கிலோமீட்டரில் நானும் சாய்ந்தேன்.
ஈரப் பாறையில் லாடம் வழுக்கியது.
கயிறு கோர்க்கும் கண்களுக்குள்
அட்டைகள் கேட்காமலே புகுந்தன.

பொன்னுதுரை, பிளாஸ்டிக் செருப்போடு
எனக்கு முன்னால் போய்ப் பாறையில் உட்கார்ந்து
ஆரஞ்சு உரித்துக்கொண்டிருந்தான்.
'என்னவே, சண்டைக்கா போறோம்?'

அவனிடம் சொன்னதில்லை.
இருபத்திரண்டு வயதில் ஆயுதப்படை மைதானத்தில்
மார்பளவு ஒரு சென்டிமீட்டர் குறைந்து
சட்டையைக் கையில் பிடித்தபடி
கேட்டைத் தாண்டி வந்தவன் நான்.
இன்று காலை கயிற்றை இறுக்கியபோது
முதுகு தானாக நிமிர்ந்தது.
அதையும் சொல்லவில்லை.

நாலுமுக்கில் மழை பிடித்தது.
லயத்து வீட்டு வரிசை. சிமெண்ட் நடை.
ஒதுங்க ஏறினேன்.
டக்.
டக். டக்.
முதல் வீட்டுக் கதவு சாத்திக்கொண்டது.
இரண்டாவது வீட்டில் ரேடியோ நின்றது.
மூன்றாவது வாசலில் கீரை ஆய்ந்துகொண்டிருந்தவள்
எழுந்து நின்றாள்.
பார்வை என் காலில் தொடங்கியது,
முகத்துக்கு வர நேரமெடுத்தது.

'ஆரத் தேடி வந்திருக்கீய?'

'மலையேற வந்தேன்க்கா. மழைக்கு ஒதுங்கினேன்.'

'அதுக்கு எதுக்கு இந்தச் சத்தம்?'

பெயர் அன்னபுஷ்பமாம்.
தேயிலைத் தண்ணி கொடுத்தாள், சீனி தூக்கலாக.
தொண்ணூற்றொன்பதில் கூலி கேட்டு
ஆற்றோரமாகப் போனவர்களில் அவளும் உண்டு.
தண்ணிக்குள் முங்கிக் கிடந்தபோதும்
கரையில் அது கேட்டுக்கொண்டே இருந்தது என்றாள்.
எது என்று சொல்லவில்லை.
மறுபடி உட்கார்ந்து
பூச்சி அரித்த இலைகளைத் தனியே போட்டாள்.

தம்ளர் காலியாகும்வரை
கால்கள் இரண்டையும் நடைக்கு வெளியே
மழையில் நீட்டி வைத்திருந்தேன்.

மறுநாள் சொரிமுத்து அய்யனார் கோயில்.
பட்டவராயர் சன்னதியில் நேர்ந்து தொங்கவிட்ட செருப்புகள்,
புதுத்தோல் வாடை, குங்குமம், ஈ.
'ராத்திரி சாமி மாட்டிட்டு நடக்கும் சார்,
அடுத்த வருசம் வந்து பாருங்க, அடி தேஞ்சிருக்கும்'
என்றான் தேங்காய் விற்கிற பையன்.
கம்பியில் ஓரிடம் காலியாக இருந்தது.
இரண்டு கயிற்றையும் சேர்த்து முடிச்சுப் போட்டேன்.
கையைத் தூக்கியும்விட்டேன்.

அப்புறம்தான் தோன்றியது.
நடுச்சாமம், எட்டாம் நம்பர், லாடம்.
காட்டுக்குள் விழுந்து குதிரைவெட்டி தாண்டி
நாலுமுக்குச் சிமெண்ட் நடையில்
சாமி இதைப் போட்டுக்கொண்டு ஏறினால்?

பாபநாசத்திலிருந்து வருகிற பஸ்ஸில்
மடியில் வைத்திருந்தேன், பிள்ளையைப்போல,
அல்லது அடுத்தவன் பொருளைப்போல.
கல்லிடைக்குறிச்சியில் ஏறிய கூட்டத்தில்
யாரோ என் கொப்புளத்தை மிதித்தார்கள்.
நான் சத்தம் போடவில்லை.